பத்தாம்பசலி: ஒரு சொல்லின் கணக்கும் வழக்கும்

பழைய போக்கிலேயே நின்றுவிட்ட ஒருவரைச் சுட்டத் தமிழில் பல சொற்கள் உள்ளன. அவற்றுள் மேடையிலும் இதழ்களிலும் வீட்டுப் பேச்சிலும் இன்றளவும் வழங்கிவருவது ‘பத்தாம்பசலி’ என்பதாகும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நாமும் இச்சொல்லைத் தயக்கமின்றிக் கையாளுகிறோம். ஆயினும், பசலி என்றால் என்ன, அதன்முன் பத்து என்னும் எண் ஏன் நிற்கிறது என்று மாணவர் ஒருவர் வினவினால், நம்மில் பலர் விடை கூறத் தடுமாறுவோம். பசலைக்கீரையை எண்ணிக்கொள்வோரும் உண்டு; பிரிவுத் துயரால் தலைவியின் மேனியில் படரும் பசலையை நினைவுகூர்வோரும் உண்டு. அவ்விரண்டிற்கும் இச்சொல்லுக்கும் தொடர்பில்லை.

இச்சொல் எங்கிருந்து வந்தது, எதைக் குறிக்கிறது, எதைக் குறிக்கலாகாது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். பழையது ஒன்றை நாம் எச்சொல்லால் அழைக்கிறோமோ அச்சொல்லுக்கேற்பவே அதனைப் பேணவோ கைவிடவோ துணிகிறோம். ஆதலால் இது அகராதிப் பொருள் காண்பதோடு நின்றுவிடும் ஆராய்ச்சியன்று.

பசலி என்பது யாது?

‘பசல்’ என்னும் அரபுச் சொல்லுக்குப் பிரிவு, பகுதி, பருவம் எனப் பல பொருள்கள் உண்டு. ஆண்டின் பிரிவு பருவம்; நூலின் பிரிவு அத்தியாயம். இந்திய வழக்கில் இச்சொல் அறுவடைப் பருவத்தையும் விளைச்சலையும் குறித்தது. ‘பசலி’ என்றால் அறுவடையைச் சார்ந்தது என்பது பொருள். இதே அரபுச் சொல் மலாய் மொழிக்கும் வந்து, ‘பாசால்’ என்னும் வடிவத்தில் சட்டத்தின் பிரிவையும், ஒரு செய்தியின் பொருட்டு என்பதையும் குறித்து நிற்கிறது. நம் நாட்டுக் கடைத்தெருவில் நாள்தோறும் காதில் விழும் மலாய்ச் சொல்லும், தமிழில் நாம் வழங்கும் பசலியும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது அறிந்து மகிழத்தக்கது.

அறுவடைக்கென்று தனி ஆண்டுமுறை தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. முகலாய அரசின் ஆண்டுக்கணக்கு ஹிஜ்ரி முறையைச் சார்ந்திருந்தது. அது சந்திரனின் இயக்கத்தைக் கொண்டு கணக்கிடப்படுவது. அதன் ஆண்டுக்கு ஏறத்தாழ 354 நாள்கள். பயிரோ கதிரவனைப் பின்பற்றி விளைவது. ஆண்டுதோறும் பதினொரு நாள் முந்திவரும் நாள்காட்டியில், வரி செலுத்தும் நாள் சில ஆண்டுகளில் அறுவடைக்கு முன்னரே வந்துவிடும். மேலும், கதிரவன் கணக்கில் 33 ஆண்டுகள் கழிவதற்குள் சந்திரன் கணக்கில் 34 ஆண்டுகள் ஓடிவிடும். அதாவது, 33 முறை விளைந்த நிலத்திற்கு உழவன் 34 முறை வரி செலுத்த நேரும். இக்குறையைத் தீர்க்கவே அக்பரின் ஆட்சியில் பசலி ஆண்டு ஏற்பட்டது. அவர் அரியணை ஏறிய ஹிஜ்ரி 963-ஆம் ஆண்டின் எண்ணையே எடுத்துக்கொண்டு, அதிலிருந்து கதிரவன் கணக்கில் ஆண்டுகளை எண்ணத் தொடங்கினர்.

தக்காணத்தில் இம்முறையை ஷாஜகான் 1636-இல் புகுத்தினார். அப்போது ஹிஜ்ரி 1046 நடந்துகொண்டிருந்தது. அவ்வெண்ணே அங்குப் பசலி எண்ணாயிற்று. பின்னர் ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சி வழியாகவும் கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சி வழியாகவும் பசலி சென்னை மாகாணத்தில் நிலைபெற்றது. முதலில் ஆடி மாதத்தோடு தொடங்கிய பசலி ஆண்டு, 1855 முதல் ஜூலை முதல் நாளில் தொடங்குவதாயிற்று. தென்னாட்டுப் பசலி எண்ணோடு 590-ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். இன்றும் தமிழ்நாட்டின் வருவாய்த்துறை இக்கணக்கை விட்டுவிடவில்லை. 2024 ஜூலை முதல் 2025 ஜூன் வரையிலான காலம் அங்கே பசலி 1434 ஆகும்.

பட்டா, அடங்கல், கிஸ்தி, ஜமாபந்தி என்னும் சொற்கள் இப்பசலியைச் சுற்றி வாழ்ந்தவை. கிஸ்தி என்பது தவணையாகச் செலுத்தும் நிலவரி. 1959-இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படத்தால் அச்சொல் நிலவரி செலுத்தியறியாத நம்மவர் நாவிலும் பதிந்துவிட்டது. ஜமாபந்தி என்பது பசலி முடிவில் சிற்றூர்களின் கணக்குகளை வட்ட அலுவலகத்தில் வைத்துச் சரிபார்த்து முடிக்கும் ஆண்டுத் தணிக்கை. இக்காலத்தில் அதனை வருவாய்த் தீர்வாயம் என்பர். அத்தணிக்கையோடு அப்பசலியின் கணக்கு மூடப்படும்.

பத்து என்னும் எண்

இனி, பத்தாம்பசலி என்பதில் உள்ள எண்ணைக் கருதுவோம். நேர்பொருளாகப் பத்தாவது பசலி என்று கொண்டு மேற்கூறிய கணக்கைப் போட்டால், அது கி.பி. 600-இல் தொடங்கும் ஆண்டாகும். ஆனால் பசலி என்னும் முறையே பதினாறாம் நூற்றாண்டில் பிறந்தது. அதன் எண்ணிக்கை ஒன்றிலிருந்து தொடங்காமல் 963-இலிருந்து தொடங்கியது. ஆகவே, பத்தாவது பசலி என்று ஓராண்டு எந்தக் கணக்கரின் ஏட்டிலும் நடப்பாண்டாக எழுதப்பட்டதில்லை. யாரும் வாழ்ந்திராத ஓர் ஆண்டு அது. இவ்வாறு கொண்டால், நினைவுக்கே எட்டாத பழங்காலம் என்னும் மிகைப்படுத்தலாக இச்சொல் அமைகிறது.

வேறொரு வகையாகவும் இதனைப் பார்க்கலாம். ஆண்டின் முழு எண்ணைச் சொல்லாமல் இறுதி இரண்டு இலக்கங்களை மட்டும் சொல்லுதல் உலக வழக்கு. அறுபத்தொன்பதாம் ஆண்டு என்றால் நம் பெரியோர் எந்த ஆண்டைச் சொல்லுகின்றனர் என்று நாம் அறிவோம். அவ்வாறே 1210-ஆம் பசலியைப் பத்தாம் பசலி என்று சுருக்கிச் சொல்லியிருக்கலாம். அது 1800-இல் தொடங்கிய ஆண்டாகும். 1310-ஐச் சுருக்கினாலும் பத்தாம் பசலியே. அது 1900-இல் தொடங்கியது. இவ்வாறு கொண்டால், இச்சொல் முந்திய தலைமுறையின் கணக்கைச் சுட்டுவதாகும்.

எவ்வாறு கொள்ளினும் இச்சொல்லின் உட்கருத்து ஒன்றே: கணக்கு முடித்து மூடப்பட்ட ஓர் ஆண்டை, நடப்பாண்டு போலக் கருதி ஒருவர் நடந்துகொள்கிறார் என்பதாகும். இதனோடு ஒத்த மற்றொரு வழக்கு ‘பழைய பஞ்சாங்கம்’. சென்ற ஆண்டுப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு இவ்வாண்டுக்கு நாள் பார்ப்பவரைப் போன்றவர் என்பது அதன் பொருள். பழம்போக்கைக் குறிக்கத் தமிழர் தேர்ந்த இவ்விரண்டு வழக்குகளும் நாள்காட்டியிலிருந்தே பிறந்துள்ளன. ஒரு பொருள் பழையதாக இருப்பது அவற்றின் குற்றச்சாட்டன்று. காலம் மாறியதை ஒருவர் கணக்கில் கொள்ளாமையே குற்றச்சாட்டு.

கடல் கடந்த சொல்

சென்ற இரு நூற்றாண்டுகளில் மலாயாவுக்கு வந்த தமிழருள் பெரும்பாலோர் பசலிக் கணக்கு நடந்த சென்னை மாகாணத்துச் சிற்றூர்களிலிருந்து வந்தவர்கள். அவர்களோடு இச்சொல்லும் வந்தது. ஆனால் அச்சொல்லுக்கு உயிரளித்த நிலமும் வரியும் கணக்குப்பிள்ளையும் உடன் வரவில்லை. இங்கே அவர்களது காலத்தை அளந்தது காலைப் பெரட்டும் மாதச் சம்பளமும். கணக்கெழுதியவர் கிராணி, வேலை வாங்கியவர் கங்காணியும் தண்டலும். பட்டா, அடங்கல் முதலிய சொற்கள் நம்மிடையே மெல்லத் தேய்ந்தன. பசலி என்னும் சொல்லும் தனித்து வழங்கவில்லை. பத்தாம்பசலி மட்டும் நின்றுவிட்டது.

எந்த வயலிலிருந்து வந்தது என்று அறியாமலேயே ஒரு சொல்லின் பொருளை நாம் சரியாகக் கையாளுகிறோம் என்றால், அது அச்சொல்லின் வலிமை. ஆனால் வேர் மறந்த சொல் எல்லை மீறிப் படர்வதும் இயல்பு. தாயகத்தில் காலங்கடந்த கணக்கைக் குறித்த சொல், இங்கே பழையன அனைத்தையும் குறிக்கும் சொல்லாக விரிந்துவிடும் வாய்ப்பு உண்டு. ஆகவே அதன் எல்லையை அறிந்துகொள்வது நமக்குக் கூடுதல் தேவையாகிறது.

சொல்லின் இயல்பு

இச்சொல் எவற்றோடு சேர்ந்து வருகிறது என்பதைக் கவனித்தால் அதன் எல்லை விளங்கும். ‘அவர் ஒரு பத்தாம்பசலி’ என்கிறோம். ‘பத்தாம்பசலிக் கொள்கை’, ‘பத்தாம்பசலிப் போக்கு’, ‘பத்தாம்பசலி எண்ணம்’ என்கிறோம். மனிதர், கருத்து, நடைமுறை ஆகியவற்றோடு இச்சொல் இயல்பாகப் பொருந்துகிறது. பத்தாம்பசலிக் கோயில் என்றோ, பத்தாம்பசலிக் குத்துவிளக்கு என்றோ நாம் சொல்லுவதில்லை. ஆயிரம் ஆண்டுப் பழமையுடைய கோயிலாயினும் அது தொன்மையான கோயிலே. பொருள்கள் தம்மைத் தாமே பின்பற்றுமாறு யாரையும் வற்புறுத்துவதில்லை. மனிதரும் கருத்துகளும் வற்புறுத்துகின்றனர் என்பதே இவ்வேறுபாட்டின் காரணமாகலாம்.

‘தனம்’ என்னும் விகுதியும் ஒரு நல்ல உரைகல். சோம்பேறித்தனம், முட்டாள்தனம், கஞ்சத்தனம் எனப் பெரும்பாலும் குறைகளோடு சேரும் அவ்விகுதி, ‘பத்தாம்பசலித்தனம்’ என்று இச்சொல்லோடும் சேர்கிறது. தொன்மைத்தனம் என்றோ மரபுத்தனம் என்றோ தமிழர் வாயில் வருவதில்லை. எது குறை, எது குறையன்று என்பதை இலக்கணம் கல்லாதவர் நாவும் அறிந்துவைத்திருக்கிறது.

ஒரே சொல் இருவழியும் செல்லுதல் உண்டு. அதற்குக் ‘கர்நாடகம்’ என்பது சான்று. சென்ற நூற்றாண்டின் முற்பகுதித் தமிழில் ‘அவர் சுத்தக் கர்நாடகம்’ என்றால் பழம்போக்குடையவர் என்று பொருள். அதே காலத்தில், அதே சொல் நம் செவ்வியல் இசைக்கும் பெயராக நின்று மதிப்புப் பெற்றது. எழுத்தாளர் கல்கி, ஆனந்த விகடனில் ‘ஆடல் பாடல்’ பகுதியில் ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் எழுதியபோது, இவ்விரு பொருளும் வாசகருக்கு ஒருசேரத் தோன்றியிருக்கும். இன்று ஏளனப் பொருள் மறைந்து இசைப்பெயர் நிலைத்துவிட்டது. ஏளனம் காலத்தோடு கழியும் என்பதற்கு இதுவும் ஓர் எடுத்துக்காட்டு.

பழையதைக் குறிக்கும் பிற சொற்கள்

பத்தாம்பசலி என்பது பழைமையைக் குறிக்கும் சொற்களுள் ஒன்றேயன்றி அதுவே முழுமையன்று. தமிழ் இவ்வகையில் வளமிக்கது.

திருக்குறளின் 81-ஆம் அதிகாரத்தின் பெயர் ‘பழைமை’. அங்கே அச்சொல் நெடுநாள் நட்பையும், அந்நட்பால் விளையும் உரிமையையும் குறிக்கிறது. நண்பர் கேளாமல் ஒன்றைச் செய்துவிட்டாலும் பொறுத்துக்கொள்ளச் செய்யும் நெருக்கமே வள்ளுவர் கூறும் பழைமை. நாள்பட்டதால் ஒன்று கெடுவதை விட்டுவிட்டு, நாள்பட்டதால் ஒன்று உறுதிப்படுவதை அவர் எடுத்துக்கொண்டார்.

தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளுக்குரிய எண்வகை வனப்புகளைக் கூறும்போது ‘தொன்மை’ என்பதனை ஒன்றாக வைக்கிறது. பழங்கதைகளைப் பொருளாகக் கொண்டு வருவது அது. அதே பட்டியலில் ‘விருந்து’ என்பதும் ஒரு வனப்பு; விருந்து என்றால் புதுமை. புதிதாகப் புனைந்து யாப்பது அதன் இலக்கணம். பழமைக்கும் புதுமைக்கும் ஒரே வரிசையில் இடமளித்து, இரண்டையும் அழகு என்றே எண்ணியது நம் முதல் இலக்கணம்.

‘முது’ என்னும் அடை அறிவையும் மதிப்பையும் சுமந்துவரும்: முதுமொழி, மூதுரை, மூதாட்டி, மூதூர். ‘பண்டு’ என்பது மதிப்பும் ஏளனமும் இன்றிக் காலத்தை மட்டும் சுட்டும். ‘காலாவதி’ என்பது மருந்துக்கும் உடன்படிக்கைக்கும் உரியது. ‘வழக்கொழிந்தது’ என்பது சொற்களுக்கும் சட்டங்களுக்கும் பொருந்தும். ‘பழையது’ என்று பெயராகச் சொன்னால் நீரூற்றி வைத்த நேற்றைய சோறு. அதை இன்று நலவுணவென்று விரும்பி உண்போரும் உளர்.

நம்மோடு வாழும் மலாய் மக்களின் மொழியிலும் இத்தகைய வேறுபாடு உண்டு. காலத்துக்கு ஒவ்வாத போக்கினரைக் ‘கோலோட்’ என்பர். மூதாதையரிடமிருந்து வந்த உடைமையைப் ‘புசாக்கா’ என்பர். நல்ல வழக்கம் மழையில் நனைந்து மக்குவதில்லை, வெயிலில் காய்ந்து வெடிப்பதில்லை என்பது அவர்களது பழமொழி. பழையன எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுதல் பண்பட்ட எந்த மொழிக்கும் உடன்பாடன்று.

முடிந்த கேட்பும் முடியாத சான்றும்

மீண்டும் பசலிக் கணக்கிற்கே வருவோம். நிலவரிக் கணக்கில் ‘கேட்பு’ என்று ஒரு சொல் உண்டு. ஒரு பசலியில் இந்நிலத்திற்கு இவ்வளவு வரி செலுத்தவேண்டும் என்று அரசு கேட்பது அது. வரி வசூலாகி, கணக்கும் முடிந்தால் அப்பசலியின் கேட்பு தீர்ந்தது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் செலுத்திய கிஸ்தியை இன்று யாரும் மீண்டும் கேட்கமுடியாது.

ஆனால் கேட்பு தீர்ந்த பசலியின் ஏடுகளை எரித்துவிடுவதில்லை. நிலத்தின் மீது உரிமை வழக்கு எழும்போது, பல பத்தாண்டுகளுக்கு முந்திய அடங்கலையும் வரி செலுத்திய பற்றுச்சீட்டையும் தேடியே மக்கள் அலைகின்றனர். அந்நிலத்தை யார் உழுதனர், என்ன பயிரிட்டனர், யார் பெயரில் வரி கட்டினர் என்பதற்கு அவ்வேடே சாட்சி. பழைய பசலிக்கு நம்மிடம் ஒன்றைக் கேட்கும் அதிகாரம் போய்விட்டது. நமக்காகச் சான்று கூறும் தகுதி போகவில்லை.

பத்தாம்பசலி என்னும் சொல்லை எங்கே வழங்கலாம், எங்கே வழங்கலாகாது என்பதற்கு இவ்வேறுபாட்டையே அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது நம் கருத்து. பெண்பிள்ளைக்கு உயர்கல்வி எதற்கு என்று கேட்பவரையும், சாதி பார்த்துத் திருமணத்தைத் தடுப்பவரையும் பத்தாம்பசலி என்று கூறுவது முற்றிலும் பொருந்தும். தீர்ந்துபோன கேட்பை அவர்கள் இன்றும் வசூலிக்க வருகின்றனர். ஆனால், அத்தை, சின்னம்மா, பெரியம்மா, மாமி என்று உறவுமுறை சொல்லி அழைப்பதைப் பத்தாம்பசலி என்று ஒதுக்கி, அனைவரையும் ஆண்டி என்று அழைப்பது வேறு வகை. அவ்வுறவுச் சொற்கள் யாரையும் ஒடுக்கவில்லை. தந்தை வழியா, தாய் வழியா, மூத்தவரா, இளையவரா என்பதை அவை தெரிவிக்கின்றன. அச்சொற்கள் போனால் அச்செய்தியும் போகும். அவ்வாறே பெரட்டு, கிராணி, தண்டல் என்னும் தோட்டத்துச் சொற்களும். அவ்வேலைமுறை திரும்பவேண்டும் என்று யாரும் விரும்பார். ஆயினும் நம் முன்னோர் எவ்வாறு உழைத்தனர் என்பதற்கு அச்சொற்களைவிட நெருங்கிய சாட்சி வேறில்லை. 1816-இல் பினாங்கில் தொடங்கிய தமிழ்க்கல்வியின் நெடுமையைக் கூறும்போதும் பழமை என்போம். அதனைப் பத்தாம்பசலி என்று எவரேனும் கூறினால், அவர் சான்றையும் கேட்பையும் பிரித்தறியவில்லை என்று பொருள்.

பதின்மூன்று எழுத்துகள்

இதற்கு எழுத்துலகிலிருந்து ஒரு சான்று காட்டலாம். ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, றொ, னொ, ணோ, றோ, னோ ஆகிய பதின்மூன்று எழுத்துகள் முன்பு வேறு வடிவில் எழுதப்பட்டன. லை, னை போன்றவற்றில் யானைத் துதிக்கை போல் ஒரு வளைவு எழுத்தின்மேல் எழும்பி நின்றது. பெரியார் 1935 முதல் ‘குடி அரசு’ இதழில் இவ்வடிவங்களை எளிமையாக்கி அச்சிட்டார். தமிழ்நாட்டரசு 1978-இல் அச்சீர்திருத்தத்தை ஏற்றது. பின்னர் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதுவே வழக்காயிற்று. கற்பதற்கும் அச்சிடுவதற்கும் எளிதாக்கிய நல்ல மாற்றம் அது. இன்று ஒரு மாணவர் பழைய வடிவத்தில்தான் எழுதவேண்டும் என்று ஓர் ஆசிரியர் வற்புறுத்தினால், அது பத்தாம்பசலித்தனமே.

ஆனால் அவ்வடிவங்களைப் படிக்கத் தெரிவது வேறு. 1887-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ இதழும், 1924-இல் கோலாலம்பூரில் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நாளிதழின் தொடக்கக் கால ஏடுகளும் பழைய எழுத்திலேயே அச்சானவை. தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. இனி அதன் பழைய ஏடுகளே அதன் குரல். அப்பதின்மூன்று வடிவங்களை அறியாத இளையோர் அவ்வேடுகளைத் திறந்தவுடன் அடிக்கடி தடைப்படுவர். இரண்டொரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளக்கூடிய அவ்வெழுத்துகளைக் கல்லாமையால், இந்நாடுகளில் தமிழர் எவ்வாறு பேசினர், எதற்காக வாதிட்டனர், எதைக் கண்டு மகிழ்ந்தனர் என்பதற்கான முதன்மைச் சான்று கைக்கெட்டும் தொலைவில் இருந்தும் எட்டாமற் போகிறது. எழுதுவதற்குப் புதிய வடிவம், படிப்பதற்கு இரண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க நிலை. தமிழ்ப்பள்ளிகளும் மொழிக்கழகங்களும் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குதல் அரிதன்று.

நிறைவாக

பழையன கழிவதும் புதியன புகுவதும் காலத்தின் இயல்பு, அது குற்றமாகாது என்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நன்னூலார் விதி வகுத்தார். பழையது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது, புதியது என்பதாலேயே தீயதாகிவிடாது என்று பதினான்காம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் தம் சிவப்பிரகாசத்தில் அறிவுறுத்தினார். ஒருவர் மாற்றத்திற்கு வழிவிட்டார். மற்றவர் மாற்றத்திலும் ஆராய்ச்சி வேண்டும் என்றார். இவ்விரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்வன.

பத்தாம்பசலி என்னும் சொல் கூர்மையானது; நம் சமூகத்திற்கு அது இன்னும் தேவை. தீர்ந்த கேட்பை மீண்டும் வசூலிக்க வருவோரிடம் அச்சொல்லைத் தயங்காமல் கூறுவோம். பாட்டியின் சொல்லை, பழைய ஏட்டின் எழுத்தை, தோட்டத்து வழக்கை நோக்கி அச்சொல் நம் நாவில் எழும்போது மட்டும் சற்றே நின்று, இது நம்மிடம் எதையேனும் வற்புறுத்துகிறதா, நம்மைப்பற்றி எதையேனும் தெரிவிக்கிறதா என்று கேட்டுக்கொள்வோம். தெரிவிப்பதாயின் அதற்குரிய பெயர் பழைமை, தொன்மை, மரபு என்று தமிழில் ஏற்கெனவே உண்டு. அவற்றுள் பொருந்தியதைத் தேர்ந்து வழங்குவதே இச்சொல்லாராய்ச்சியின் பயனாகும்.